சலூனில் 'நம்பர் 2'... வீட்டு ட்ரிம்மரில் '2'... ரெண்டும் ஒண்ணா? முடிவெட்டும் மெஷினின் அளவுக் கணக்கு இதுதான்!

"அண்ணே, சைடுல நம்பர் டூ போட்டுடுங்க, மேல கொஞ்சம் விட்டுடுங்க."

இன்று எந்த ஊர் சலூனிலும் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம் இது. சலூன்காரரும் டிராயரைத் திறந்து, '2' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் சீப்பை எடுத்து மெஷினில் மாட்டி வேலையை ஆரம்பிப்பார். முடிந்ததும் பக்கவாட்டில் சுமார் 6 மில்லிமீட்டர் முடி நிற்கும்.

அதே ஆள் காசை மிச்சப்படுத்தலாம் என்று ஆன்லைனில் ஒரு ட்ரிம்மர் வாங்கி, சக்கரத்தை '2'-ல் வைத்து ஓட்டினால் என்ன ஆகும்? பல ட்ரிம்மர்களில் அந்த 2 என்பது 2 மில்லிமீட்டர். சலூனில் விட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மண்டைத் தோல் பளிச்சென்று தெரியும். மறுநாள் இன்டர்வியூவோ நிச்சயதார்த்தமோ இருந்தால் கதை கந்தல்!

எண் ஒன்றுதான், அர்த்தம்தான் வேறு. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

எல்லாம் 'எட்டில் ஒரு இன்ச்' செய்த வேலை

சலூனில் சொல்லும் நம்பர் மில்லிமீட்டர் இல்லை, இன்ச்சும் இல்லை. அது எட்டில் ஒரு இன்ச் என்ற கணக்கு. நம்பர் 1 என்றால் ஒரு எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 மி.மீ. நம்பர் 2 அதைப்போல் இரு மடங்கு, 6 மி.மீ. நம்பர் 3 சுமார் 10, நம்பர் 4 அரை இன்ச், அதாவது 13 மி.மீ. இப்படியே ஏறிக்கொண்டே போய் நம்பர் 8-ல் முழுசாக ஒரு இன்ச், 25 மி.மீ.

அமெரிக்கக் கம்பெனிகளின் பழக்கம் இது. இல்லினாய் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த லியோ வால், கையில் பிடிக்கும் மெஷினுக்குள்ளேயே மோட்டாரை வைத்து, 1919-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் பெயரில் உருவான 'வால்' கம்பெனியும், விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் பிறந்த 'ஆண்டிஸ்', 'ஆஸ்டர்' ஆகிய கம்பெனிகளும்தான் சலூன் மெஷின் உலகில் பெரிய பெயர்கள். அவர்கள் ஊரில் அளவு என்றாலே இன்ச்தான். அந்த எண்கள் மெஷினோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போய்விட்டன. இன்ச் கணக்கே தெரியாத ஊரிலும் 'நம்பர் டூ' என்றால் புரிகிறது.

வீட்டு ட்ரிம்மர் தயாரிப்பவர்களில் பலர் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நேரடியாக மில்லிமீட்டரைப் போட்டுவிட்டார்கள். இன்னும் சிலவற்றில் சக்கரத்தில் இருக்கும் எண் இந்த இரண்டில் எதுவுமே இல்லை, வெறும் படி எண். '5' என்றால் ஐந்தாவது படி, அவ்வளவுதான். அதற்கு எத்தனை மி.மீ. என்று தெரிய பெட்டிக்குள் இருக்கும் கையேட்டைப் பார்க்க வேண்டும். அந்தக் கையேட்டைத்தான் பெட்டியோடு முதல் நாளே தூக்கிப் போட்டிருப்போம்!

இது போதாதென்று இன்னொரு குழப்பமும் உண்டு. சீப்பு மாட்டாமல் வெறும் பிளேடில் வெட்டுவதற்கு நம்மூரில் 'ஜீரோ கட்' என்று பெயர். சலூன் பிளேடுகளில் ஜீரோ கூடக் கூட முடி குறையும். மூன்று ஜீரோ போட்ட பிளேடு சுமார் அரை மி.மீ. விடும். நான்கு ஜீரோ அதையும் விடக் குறைவு. நாய்க்கு முடி வெட்டும் மெஷினில் எல்லாமே தலைகீழ்: அங்கே 4-ம் நம்பர் பிளேடு 9.5 மி.மீ. விடும், 10-ம் நம்பர் 1.5 மி.மீ.தான், 40-ம் நம்பர் கால் மி.மீ. வீட்டில் செல்லப்பிராணிக்கு ஒரு மெஷின், தலைக்கு ஒரு மெஷின் என்று வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சீப்புக்குக் கீழே நடப்பது என்ன?

மெஷினைத் திருப்பிப் பார்த்தால் பல் பல்லாக இரண்டு பிளேடு இருக்கும். தோலைத் தொடும் கீழ் பிளேடு அசையாது. மேல் பிளேடு மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஓடும். இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டும் முடியை, கத்தரிக்கோல் மாதிரி வெட்டிவிடும். அசையாத பிளேடின் முனை எப்போதும் ஒரு மயிரிழையாவது முன்னால் நிற்க வேண்டும். அதுதான் தோலுக்குப் பாதுகாப்பு. 'ஜீரோ கேப்' என்ற பெயரில் இரண்டு முனையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவது இப்போது ஃபேஷன். வீடியோவைப் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்றி வீட்டிலேயே செய்கிறார்கள். கொஞ்சம் தவறினாலும் ஓடுகிற பிளேடு நேராகத் தோலைத் தொடும், காதுக்குப் பின்னால் ரத்தம் வரும். கோடு போடத் தெரிந்த கைக்கு மட்டுமே உரிய வேலை அது.

கீழ் பிளேடு முனையில் மெலிந்து, பின்னால் போகப் போகத் தடிமனாகும். சலூன் மெஷினின் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு வசதியாக ஒரு சின்ன லீவர் இருப்பதைப் பார்த்திருக்கலாம். அதை அழுத்தினால் வெட்டும் முனை பின்னுக்குப் போய், பிளேடு தடிமனாக உள்ள இடத்தில் முடியை வெட்டும். அதனால் முடி கொஞ்சம் நீளமாக மிஞ்சும். சீப்பே மாட்டாமல் அரை மி.மீ.யிலிருந்து சுமார் இரண்டரை மி.மீ. வரை இப்படி மாற்ற முடிகிறது.

இப்போது எல்லாப் பையன்களும் கேட்கும் 'ஃபேட்' கட்டிங்கின் ரகசியமே இந்த லீவர்தான். நம்பர் 1-க்கும் 2-க்கும் நடுவே 3 மி.மீ. வித்தியாசம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓட்டினால் தலையைச் சுற்றி மாடிப்படி மாதிரி கோடு விழும். நம்பர் 1-ஐ மாட்டிக்கொண்டு லீவரைத் திறந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு கிடைக்கும். கட்டைவிரலால் லீவரை மெல்லத் திறந்து மூடிக்கொண்டே ஓட்டும்போது அந்தக் கோடு கரைந்துவிடும்.

அரை நம்பர், ஒன்றரை நம்பர் என்றெல்லாம் சீப்பு இருக்கிறதே, ஏழரை நம்பர் ஏன் புழக்கத்தில் இல்லை? கண் பார்ப்பது மில்லிமீட்டரை அல்ல, விகிதத்தை. 3 மி.மீ.க்கும் 6-க்கும் நடுவே இருப்பது இரண்டு மடங்கு வித்தியாசம். யாருக்கும் தெரியும். 22-க்கும் 25-க்கும் அதே 3 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தனித்தனி சீப்பா, ஒரே சீப்பா?

சலூன் மெஷினுக்கு எட்டு, பத்து சீப்பு தனித்தனியாக வரும். வீட்டு ட்ரிம்மரில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒரே சீப்பு, தண்டவாளம் மாதிரியான தடத்தில் முன்னும் பின்னும் நகரும். சக்கரத்தைத் திருகத் திருக 'டிக் டிக்' என்று ஒவ்வொரு பள்ளத்தில் போய் உட்காரும். அரை மி.மீ. வித்தியாசத்தில் இருபது அளவு என்றெல்லாம் விளம்பரம் செய்வது இந்த வகைதான்.

வசதி என்று பார்த்தால் நகரும் சீப்புதான். எதுவும் தொலையாது. ஆனால் பலம் குறைவு. நீளமாக வெளியே இழுத்து வைக்கும்போது பிடிமானம் பின்னால் மட்டும்தான் இருக்கும். தலையில் அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து பிளேடு தோலை நோக்கி இறங்கிவிடும். 10 மி.மீ. என்று வைத்துவிட்டு அழுத்தி ஓட்டினால், அங்கங்கே அதைவிடக் குறைந்து திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். கை பட்டுச் சக்கரம் தானாக ஒரு படி நகர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. தனிச் சீப்பில் அந்தப் பயம் இல்லை. நம்பர் 4 எப்போதும் நம்பர் 4 தான். ஒரு நாளைக்கு இருபது தலை பார்க்கும் சலூன்காரர் தனிச் சீப்பை விடாததற்கு இதுவே போதுமான காரணம்.

தனிச் சீப்பு சரியாக உட்காராவிட்டால் நிலைமை மோசம். முன்னால் பிளேடு முனையில் பிடிக்கும், பின்னால் 'க்ளிக்' ஆகியிருக்காது. பாதி தலையில் கழன்று விழுந்தால் வெறும் பிளேடு ஒரு வரி உழுதுவிட்டுப் போகும். விலை கூடின சீப்புகளில் பின்னால் இரும்பு க்ளிப் வைப்பது இதைத் தடுக்கத்தான்.

சீப்பே இல்லாமல் இதே வேலையை வேறு வழியில் செய்த ஒரு மெஷினும் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த தச்சர் ரிக் ஹன்ட்ஸ் உருவாக்கிய 'ஃப்ளோபீ'. வேக்குவம் க்ளீனர் குழாயில் மாட்டினால், அது முடியை உறிஞ்சி நிமிர்த்தி உள்ளே இருக்கும் பிளேடுக்குக் கொடுக்கும். எவ்வளவு நீளம் வேண்டுமோ அதற்கேற்ற குழாய்த்துண்டுகளை நடுவில் சேர்க்க வேண்டும். கேலிப்பொருளாக இருந்த இந்த மெஷினில்தான் 25 வருஷமாகத் தனக்குத்தானே முடி வெட்டிக்கொள்வதாக ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி 2020-ல் ஒரு டி.வி. பேட்டியில் சொன்னார்!

அளவு சரியாக வைத்தும் முடி ஏன் வேறு மாதிரி வருகிறது?

சீப்பில் இருக்கும் எண், தோலுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி. முடி செங்குத்தாக நின்றால்தான் அந்த அளவு மிஞ்சும். ஆனால் தலைமுடி சாய்ந்து வளர்கிறது. அது சாய்ந்திருக்கும் திசையிலேயே மெஷினை ஓட்டினால், படிந்த முடி பிளேடுக்குக் கீழே தப்பித்துவிடும். நம்பர் 2 போட்டும் 3 போட்ட மாதிரி இருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் சீப்பின் பல் முடியைத் தூக்கி நிறுத்தும், எண்ணுக்குரிய அளவு வரும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி எல்லாத் திசையிலும் போவதால், அங்கே மட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். தாடிக்கும் இதே கணக்குதான்.

பிளேடு மழுங்கினாலும் சார்ஜ் இறங்கினாலும் மெஷின் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். குழந்தைகள் மெஷினைப் பார்த்தாலே அழ ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த இழுவையில்தான். கூடவே வரும் எண்ணெய் பாட்டிலை யாரும் தொடுவதில்லை. ஓடும் பிளேடில் இரண்டு சொட்டு விட்டால் சூடும் குறையும், சத்தமும் குறையும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்கி வரும் ஒயர் மெஷின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காந்த மோட்டார் வகை மெஷின், கரண்ட்டின் அதிர்வெண்ணுக்கு ஏற்றபடிதான் ஆடும். அங்கே 60 ஹெர்ட்ஸ், நிமிஷத்துக்கு 7,200 தடவை இழுக்கும். இங்கே 50 ஹெர்ட்ஸ், அதனால் 6,000 தான். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 230 வோல்ட் 110 ஆகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கென்று டியூன் செய்த மெஷின் இங்கே தடதடவென்று சத்தம் போட்டுத் திணறும். பேட்டரி மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை, சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சுத்தம்: இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்

ஆபரேஷனுக்கு முன் முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் மட்டும் எடுங்கள், ஷேவ் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும், அதில் கிருமி புகும். கிளிப்பரில் அந்த ஆபத்து குறைவு.

ஆனால் அது சுத்தமான கிளிப்பருக்குத்தான் பொருந்தும். ஷேவிங்குக்குப் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்கும் பழக்கம் நம்மூரில் நன்றாகவே வந்துவிட்டது. அதே ஆள் பத்து தலையில் ஓடின சீப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. தலையில் வரும் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று, சீப்பு வழியாகவும் பிளேடு வழியாகவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். குழந்தைகளுக்கு இது எளிதாக ஒட்டிக்கொள்ளும். 'சீப்பைக் கழுவிட்டுப் போடுங்கண்ணே, பிளேடையும் கிருமிநாசினியில துடைச்சிடுங்க' என்று கேட்பதில் தப்பே இல்லை. முடிந்தால் சொந்தமாக ஒரு செட் சீப்பு வாங்கிக் கையோடு கொண்டுபோகலாம், ஆனால் அது சலூன்காரரின் மெஷினில் பொருந்துகிற கம்பெனியா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அப்பா, பையன் எல்லோருக்கும் ஒரே மெஷின் என்றாலும் நடுவில் சீப்பை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது கட்டாயம்.

வீட்டில் முதல் முறை வெட்டுகிறவர்கள் என்ன செய்யலாம்?

புது மெஷினை நினைத்த அளவில் ஆரம்பிக்காமல், அதைவிட இரண்டு படி பெரிதாக வைத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சலூனில் அளவு சொல்லும்போது நம்பரோடு மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் இருக்காது: "நம்பர் 3, பத்து மி.மீ. இருக்கட்டும்ணே." குளித்து நன்றாகக் காய்ந்த முடியில்தான் மெஷின் ஓட்ட வேண்டும். ஈரமுடி படிந்து ஒட்டிக்கொள்வதால் சீப்பால் தூக்கி நிறுத்த முடியாது.

சீப்பு கழன்று ஒரு வரி போயே போய்விட்டதா? அதைச் சரிசெய்கிறேன் என்று பக்கத்தில் மறுபடி மெஷினை வைக்காமல், தொப்பியைப் போட்டுக்கொண்டு நேராக சலூனுக்குப் போவதே புத்திசாலித்தனம். சுற்றியிருக்கும் முடியைப் படிப்படியாகக் குறைத்து அந்த இடத்தை ஓரளவு மறைத்துவிடுவார்கள். மற்றது தானாக வளர வேண்டியதுதான். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். நம்பர் 4 அளவுக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும்.