இறுகாத பசை எங்கே போகிறது?

சொத்தையைச் சுரண்டியெடுத்த குழியில் அடைப்பதற்கு முன் பல் டாக்டர் தடவுவது ஒரு துளிப் பசை. ‘பாண்டிங்’ என்பார்கள். நீல விளக்கைச் சில நொடிகள் காட்டினால் இறுகிவிடும். அடைப்பு அதன்மேல்தான் நிற்கிறது. 1955இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டவைத்ததில் தொடங்கிய வித்தை இது. பாதரசம் கலந்த பழைய அடைப்பான அமால்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், சில விலக்குகள் தவிர, நிறுத்திவிட்டது. இனி பெரும்பாலும் பிசின்தான். அது உயிருள்ள செல்லை என்ன செய்யும்?

சோதிக்கும் முறை எளியது. இறுகிய பசைத் துண்டை, கஷாயத்துக்கு மூலிகையை ஊறப்போடுவதுபோல, செல் வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரியில் ஒரு நாள் வைக்கிறார்கள். அந்தச் சாற்றைச் செல்கள்மேல் ஊற்றுகிறார்கள். பல ஆய்வகங்களில் அவை எலிச் செல்கள். சிலவற்றில், ஞானப்பல் பிடுங்கும்போது கிடைத்த ஈறுத் துணுக்கிலிருந்து வளர்த்த மனிதச் செல்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. ஊதா 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நச்சு என்கிறது ஐஎஸ்ஓ 10993-5 தரவிதி.

பல பசைகள் இதில் தோற்கின்றன. விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தாலும் பிசின் மூலக்கூறுகள் எல்லாமே கைகோத்துக்கொள்வதில்லை. மேற்பரப்பிலோ காற்றிலுள்ள ஆக்சிஜனே இறுகவிடாமல் தடுக்கிறது. ஹேமா, டெக்டிமா போன்ற சின்ன மூலக்கூறுகள் மிஞ்சிக் கசிந்து, செல்லுக்குள் புகுந்து, அதன் காவலான குளூட்டதயோனைத் தின்றுதீர்க்கின்றன. பாராசிட்டமால் விஷமுறிவுக்குக் கொடுக்கும் அசிடைல்சிஸ்டீனை முன்கூட்டியே சேர்த்தால் செல்கள் பெருமளவு பிழைக்கின்றன என்பது இதற்கு நல்ல சாட்சி.

அதற்காக ‘பல் பசை செல்களைக் கொல்கிறது’ என்று தலைப்புப் போட்டால் அது பாதி உண்மைதான். தட்டில் செல்லுக்கு மறைப்பில்லை. வாயில் நடுவே, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் சுவராக இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் பற்கூழின் ரத்த ஓட்டமும் கசிவை அடித்துக்கொண்டு போகிறது. இதை உணர்ந்துதான் ஜெர்மனியின் கோட்ஃபிரீட் ஷ்மால்ஸ் போன்றோர், அரை மில்லிமீட்டர் டென்டின் வில்லையை இடையில் வைத்துச் சோதிக்கும் முறையை வளர்த்தார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஆழமான சொத்தையில் சுவர் மெலிந்துபோகும். அதன் நுண்குழாய்களும் பற்கூழை நெருங்க நெருங்க அகலமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். என் கணக்கில் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். வலுவிழந்த விளக்கோடு அங்கே அவசரப்பட்டால் இறுகாத பசை இன்னும் கூடும்.

நோயாளியைவிட இந்தப் பசையோடு அதிகம் புழங்குவது டாக்டரும் உதவியாளரும். ஹேமா மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும். அலர்ஜி வந்தவர்களுக்கு விரல்நுனி அரித்து வெடிக்கும். பல ஜெல் நகப்பூச்சுகளிலும் இதே ஹேமா உண்டு என்பதால், அதனால் அலர்ஜி வந்தவர்கள் பல் அடைக்க உட்காரும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.