நாகரிகம் அழிந்தால் கணினி பிழைக்குமா?

தாம் வாழும் நாகரிகம் சாசுவதமானது என்று எண்ணுவது மனித சுபாவம். ரோமாபுரியின் வீதிகளில் உலாவியவர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். ஆயினும் சாம்ராஜ்யங்கள் சரிந்தன. அவற்றோடு பல சாஸ்திரங்களும் கைத்தொழில்களும் மறைந்தன. இன்று பாங்கிக் கணக்கு முதல் குழந்தைகளின் பரீட்சை முடிவு வரையில் கணினியின் ஆட்சிக்கு உட்பட்டிருக்கிறது. ஒரு மகா யுத்தத்தினாலோ கொள்ளை நோயினாலோ உலகத்திலுள்ள தொழிற்சாலைகளும் கலாசாலைகளும் பாழாகிவிட்டன என்று வைத்துக் கொள்வோம். எஞ்சிய மக்களின் பேரப் பிள்ளைகளுக்குக் கணினி செய்யத் தெரியுமா?

இது வேலையற்றவர்களின் கற்பனை என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். கணக்கிடும் யந்திரத்தைப் பற்றிய அறிவு உலகத்தில் ஒரு தடவை மறைந்தே போயிருக்கிறது.

கடலுக்கு அடியில் கிடந்த கருவி

1901-ஆம் வருஷத்தில் கிரேக்க தேசத்து ஆண்டிகிதெரா தீவின் அருகே, கடலில் மூழ்கிக் கிடந்த புராதனக் கப்பல் ஒன்றிலிருந்து சிலைகளையும் பாண்டங்களையும் வெளியே எடுத்தார்கள். அவற்றோடு களிம்பேறிய வெண்கலத் துண்டு ஒன்றும் வந்தது. முதலில் அதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பிறகு பார்த்தால், அதற்குள்ளே நுட்பமான பற்சக்கரங்கள்! எஞ்சியிருப்பவை மாத்திரம் 30. கைப்பிடியைச் சுழற்றினால் சூரிய சந்திரர்களின் நிலையையும் கிரகண காலத்தையும் முகப்பிலுள்ள முட்கள் காட்டும்படி அது அமைக்கப்பட்டிருந்ததென்று, எக்ஸ்ரே சோதனைகளினால் நிபுணர்கள் கண்டறிந்தார்கள். அதன் வயதோ 2,000 வருஷங்களுக்கு மேல்.

இத்தகைய யந்திரங்கள் உண்டு என்று ரோமானிய ஆசிரியரான சிசரோ எழுதி வைத்திருக்கிறார். அவை இருந்தன என்னும் செய்தி புத்தகத்தில் பிழைத்தது. ஆனால் அவற்றைச் செய்யும் விதம் பிழைக்கவில்லை. எளிய பற்சக்கரக் கருவிகள் சில பிற்காலத்திலும் வழங்கி வந்தனவாயினும், இதற்கு இணையான நுட்பமுள்ள யந்திரங்களை ஐரோப்பா மறுபடியும் காண 14-ஆம் நூற்றாண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. செய்து காட்டும் குருவும் பார்த்துக் கற்கும் சிஷ்யனும் அற்றுப் போனால், எவ்வளவு அபூர்வமான வித்தையும் அதோடு முடிந்துவிடுகிறது.

காகிதத்தில் பிழைத்த யந்திரம்

இதற்கு நேர் மாறான ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதை, 1847-ஆம் வருஷத்துக்கும் 1849-ஆம் வருஷத்துக்கும் இடையே, பெரிய கணக்கு யந்திரம் ஒன்றுக்குப் படங்கள் வரைந்தார். அதைக் கட்டி முடித்துக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை. 1871-இல் அவர் காலமானார். படங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையார் அவற்றைக் கொண்டு, 1991-இல் யந்திரத்தின் கணக்கிடும் பாகத்தைச் செய்து முடித்தார்கள். சுமார் 4,000 உறுப்புகள் கொண்ட அந்த யந்திரம் பிசகில்லாமல் கணக்கிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறக்கலாகாது. படங்களில் சில தவறுகள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஆற்றலுள்ள பொறியியல் வல்லுநர்கள் இருந்தபடியினால்தான் காரியம் கைகூடிற்று. வல்லுநர் இல்லாத தேசத்தில் அதே படங்கள் வெறும் சித்திரங்களாகவே இருந்திருக்கும்.

ஞாபகத்தில் பிழைத்த யந்திரம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை அறிவதற்காக, டாமி பிளவர்ஸ் என்னும் பிரிட்டிஷ் தபால் இலாகா எஞ்சினீயர் கொலோசஸ் என்ற மின்னணுக் கணக்கு யந்திரத்தைச் செய்தார். 1944-இல் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்யத் தொடங்கியது. யுத்தம் முடிந்ததும் ரகசியத்தைக் காக்கும் பொருட்டு அவ்வகை யந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள், வரைபடங்களையும் எரித்துவிட்டார்கள்.

1993-இல் டோனி சேல் என்பவர் அதை மறுபடியும் கட்டும் முயற்சியில் இறங்கினார். அவர் கைக்குக் கிடைத்தவை சில புகைப்படங்களும், எஞ்சினீயர்கள் ஒளித்து வைத்திருந்த சில வரைபடத் துணுக்குகளுமே. எனினும் யந்திரத்தை முதலில் செய்தவர்கள் சிலர் வயோதிகர்களாக இன்னும் உயிரோடு இருந்தார்கள். ஏடு எரிந்து போனாலும் அவர்களுடைய ஞாபகம் எரியவில்லை. 1996-இல் யந்திரம் இயங்கியது. இன்னும் இருபது வருஷம் தாமதித்திருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

இன்றைய கணினியின் கதி

இனி, நம் காலத்துக் கணினிக்கு வருவோம். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. 2020-இல் வெளிவந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி! இவ்வளவு சிறிய வேலைப்பாட்டைச் செய்ய உதவும் மிக நுண்ணிய ஒளி யந்திரங்களை ஹாலந்து தேசத்து ஏஎஸ்எம்எல் கம்பெனி செய்கிறது. அவற்றுக்கு வேண்டிய கண்ணாடிகள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. சில்லு உருவாவது தைவானில். வடிவமைப்பவர் ஓரிடம், பொருள் சுத்தம் செய்பவர் வேறிடம். இத்தொழில் முழுவதையும் தன் ஒரு தலையில் வைத்திருக்கும் மனிதன் இந்தப் பூவுலகில் எவனும் இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும். ஆகையால் நாகரிகம் சிதறினால் முதலில் மறையும் வித்தைகளில் இது ஒன்றாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எதில் எழுதுவது என்பதே கேள்வி. இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்குப் புத்தகத்தை இன்றும் படிக்க முடிகிறது. அதன் 900-ஆவது ஆண்டு நிறைவுக்காக 1986-இல் பிபிசி ஸ்தாபனத்தார் லேசர் தட்டுகளில் புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தார்கள். இருபது வருஷங்கள் ஆவதற்குள் அதைப் படிக்கும் யந்திரம் அருகிப் போய், பெருமுயற்சி செய்து அதை மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டை நெருங்குகிறது. தட்டில் எழுதியது ஒரு தலைமுறைக்கே தடுமாறியது.

இதை உணர்ந்துதான் 2020-இல் கிட்ஹப் ஸ்தாபனத்தார், நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில், உலகத்தாரின் கணினி நிரல்களை 186 பிலிம் சுருள்களில் பதித்து வைத்திருக்கிறார்கள். கண்ணால் படிக்கக்கூடிய வழிகாட்டிக் குறிப்பும் உடன் இருக்கிறது. புத்திசாலித்தனமான காரியம், ஆனால் பூட்டி வைத்த பொக்கிஷத்தைத் திறந்து அனுபவிக்க அருமை தெரிந்தவன் ஒருவன் வேண்டுமே!

அழியாத விதை

அப்படியானால் எல்லாம் போய்விடுமா? இல்லை. கணினியின் உயிர் சில்லில் இல்லை. ஒரு சிறிய கருத்தில் இருக்கிறது. ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டே குறிகளினால் எல்லாக் கணக்கையும் போடலாம். உண்டு, இல்லை என்னும் இரண்டே விடைகளினால் தர்க்கம் நடத்தலாம். ஜார்ஜ் பூல் 1854-இல் இந்தத் தர்க்கத்தைக் கணிதமாக்கினார். மின்சார விசைகளைக் கொண்டே அதை நடத்தலாம் என்று கிளாட் ஷானன் 1937-இல் காட்டினார். 1941-இல் பெர்லினில் கான்ராட் சூஸே, டெலிபோன் நிலையங்களில் வழங்கிய ரிலே விசைகள் 2,000-க்கு மேல் சேர்த்து, இயங்கும் கணினியையே செய்துவிட்டார். செப்புக் கம்பியும் இரும்பும் மின்சாரமும் இருந்து, இந்தக் கருத்தும் தெரிந்தால், எதிர்கால மக்களும் மெதுவாக ஓடும் கணினி ஒன்றைச் செய்துகொள்வார்கள். பிறகு படிப்படியாக ஏறலாம்.

அந்த விதையைக் காப்பதற்குச் சுரங்கம் தேவையில்லை; பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். பழைய ஓலை செல்லரிப்பதற்கு முன்னே புதிய ஓலையில் பிரதி செய்தபடியினால்தான் நம் முன்னோரின் நூல்கள் நமக்குக் கிடைத்தன. பிரதி செய்யாதவை போயின. இன்று நம் வீட்டுக் குழந்தைகள் கணினியின் விசைகளை அதிவேகமாகத் தட்டுகிறார்கள். ஒன்றும் பூஜ்யமும் கூடி எப்படிக் கணக்குப் போடுகின்றன என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னால் எத்தனை பேர் எழுதுவார்கள்? அதைக் கற்றுக் கொடுப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. கற்ற குழந்தை தன் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தால், ஆண்டிகிதெராவின் கதி நம் காலத்து வித்தைக்கு நேராது.