உழைக்கும் உடலுக்கும் பயிற்சி வேண்டும்

“பொழுதெல்லாம் தறியிலும் வயலிலும் பாடுபடுகிறோம். எங்களுக்குத் தனியே தேகப்பயிற்சி எதற்கு?” சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்பொழுது அங்கத்தினர்கள் நம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

குழித்தறியில் அமர்ந்தவர் முன்னே சாய்ந்தபடியே நாடாவை ஓட்டுகிறார். நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கின்றனர். உழைப்பு சில தசைகளையே ஓயாமல் வருத்துகிறது, மற்றவை வலுவிழக்கின்றன. அவற்றை எழுப்புவதே பயிற்சியின் வேலை. பெருந்தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாட்களேனும் வலுவூட்டும் பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது.

முறை தவறினால் நேர்வதை நாமே பட்டறிந்தோம். ஒரு சங்கத்தில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கையில், முழங்காலை மடக்காமல் குனிந்து, இடுப்பைத் திருப்பியவாறே ஒரு நூல் மூட்டையைத் தூக்கினோம். பதினைந்து நாட்கள் குனிந்து செருப்பணியவும் இயலவில்லை. நமக்கு மாதச் சம்பளமும் விடுப்பும் உண்டு. நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளிக்கு அந்தப் பதினைந்து நாட்களின் நஷ்டத்தை யார் ஈடு செய்வார்?

ஆகவே முதலில் மூட்டை தூக்கும் முறையைக் கவனிப்போம். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. கூடுமானால் இருவராகத் தூக்குவதே நலம். மூட்டையை ஒட்டி நின்று, பாதங்களைத் தோளகலம் விரித்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கித் தாழவேண்டும். முதுகு வளையாமல், சுமையை மார்போடு அணைத்துக் கால் வலுவால் எழவேண்டும். திரும்ப வேண்டுமாயின் இடுப்பை முறுக்காது பாதங்களை நகர்த்துக.

இனிப் பயிற்சிகள். ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றிய பின் இவற்றைத் தொடங்கலாம்.

1. ஒரு முக்காலியின் முன் நின்று, அதில் மெல்ல அமர்ந்து எழுக. குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. முழங்கால் பாதவிரல்கள் நோக்கும் திசையிலேயே மடங்கவேண்டும்.

2. சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தண்டால் செய்க. தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோடாக நிற்கட்டும்.

3. நிமிர்ந்து நின்று தோள்பட்டைகளைப் பின்னே நெருக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துக. தறியை விட்டு எழும்பொழுதெல்லாம் இதைச் செய்யலாம்.

முதல் இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு முறை வீதம் இரண்டு சுற்றுச் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். முறை பிசகாமல் எளிதாக வந்த பின்பே எண்ணிக்கையைக் கூட்டுக. மூச்சை அடக்கலாகாது; எழும்பொழுது வெளிவிடுக.

மறுநாள் தசைகளில் இலேசான வலி இருப்பது இயல்பே. சுரீரென்ற வலி தோன்றினால் உடனே நிறுத்துக. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ காலில் மரத்தலோ கண்டால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்கவேண்டும்.

சிக்கனச் சேமிப்பில் சிறு தொகையைத் தவறாது செலுத்துவோர் அதன் பலனை அறிவர். உடலின் கணக்கும் அத்தகையதே. பெருந்தொகையை ஒரே நாளில் கட்ட முயல வேண்டாம்; தவணை தவறாதிருந்தால் போதும்.