செவியாற் காணும் நாடு

புதிய நாடுகளைக் காணப் புறப்படுவோர் கோட்டைகளையும் கோபுரங்களையுமே முதலில் நாடுவர். மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரை நிலத்திலே, கல்முனைப் பெருவீதியில் அமைந்த பெரியகல்லாற்றில் வந்து தங்கும் பயணி ஒருவர் அவ்வாறு தேடுவாராயின், அரை நாளிற் பார்த்து முடித்துவிடுவார். புளியந்தீவிலே போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றிய கோட்டை உண்டு. அதற்கப்பால் நீரும் வயலும் தென்னையுமே கண்ணிற்படும். ஆயின் இந்நாட்டின் செல்வம் கண்ணிலும் பார்க்கச் செவிக்கே பெரிதும் உரியது.

ஒலியையும் காணத்தக்க பொருளாகப் போற்றும் வழக்கம் பிறநாட்டிலும் உண்டு. யப்பானிய அரசின் சுற்றாடல் முகவரகம் 1996 இல் அந்நாட்டிற் காக்கத்தக்க நூறு ஒலிகளைத் தெரிந்து அறிவித்தது. ஹிரோஷிமாவின் சமாதான மணியும், மிதித்தால் இசைக்கும் கொட்டோபிக்கிக் கடற்கரை மணலும் அவற்றுட் சில. அழுக்குப் படியின் அம்மணல் ஊமையாகிவிடும். ஆதலின் அக்கரையிற் புகைபிடித்தலும் தடுக்கப்பட்டுள்ளது.

நம் வாவியின் ஒலிகளுள் முதலாவது பாடும் மீன். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ற் இதனைக் கேட்டுத் தம் நூலில் விரித்தெழுதினார். நிலவெறிக்கும் அமைதியான இரவிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறுநுனியிற் காதை வைத்துக் கேட்பது மரபு. பாடுவது மீனோ ஊரியோ என்பது இன்னும் ஐயமறத் துணியப்படவில்லை.

இசை கேட்ட இம்மண்ணிலேயே இசையாராய்ச்சியும் முளைத்தமை வியப்பன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947), வழக்கொழிந்த யாழின் இயல்பை ஆராய்ந்து ‘யாழ்நூல்’ இயற்றினார். அது 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய சில வாரங்களில் அவர் மறைந்தார். அவரது சமாதி கல்லடியில் உளது.

வைகாசியில் வருவோர் கண்ணகியம்மன் கோயில்களிற் குளிர்த்திச் சடங்கைக் காணலாம். வழக்குரைப் பாடல்கள் ஓதப்படுவதையும் கேட்கலாம். கூத்து நிகழும் ஊரில் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து, அண்ணாவியாரின் மத்தளத்தையும் ஆட்டக்காரரின் சதங்கையையும் விடியுமளவும் கேட்கலாம். இக்கலையைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றவாறு அமைத்துக் கற்றோர்க்கு அறிமுகஞ் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1962 இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அம்முயற்சிகளுள் ஒன்றாம்.

இனி, ஒலியின்மையும் இங்கு ஒரு காட்சியே. குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரை சேர்ந்தால், மண்டூர் முருகன் கோயிலை அடையலாம். அங்கே பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரம் ஓதாது பூசை செய்வார். இத்தனை ஒலிகளுக்கும் நடுவே அம்மௌனத்தைக் கேட்டவர் அதனை எளிதில் மறவார்.

கோட்டையை இடித்தாலன்றி அது அழியாது; ஒலியோ இரைச்சல் மிகுந்தமாத்திரத்தே அழிந்துபோம். நீரிலே இயந்திரப் படகுகள் ஓயாது ஓடுமாயின் துடுப்பின் வழியே எவ்விசையும் கேளாது. பயணியின் வசதிக்காக ஒரு மணி நேரத்துட் குறுக்கப்படும் கூத்தில் ஊரும் இராது, இரவும் இராது. ஆதலின், விருந்தினரை வரவேற்க விழைவோர் புதுக்கட்டடம் எழுப்புமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு: உரிய பருவத்தில் வந்து, ஓர் இரவேனும் தங்கி, படகின் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்குமாறு அவர்க்குச் சொல்லுதல் வேண்டும். அவ்விரவில் நாமும் ஒலிபெருக்கியை அடக்குதல் வேண்டும்.