பார்க்க வருகிறவர்கள், பார்த்துக்கொள்கிறவர்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து மன்னார்குடி வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் வாரத்தில், அலமாரியில் பதினோரு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. ஆப்பிள் தனிக் கூடையில். அப்பாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தண்ணீர் குடித்தாலே புரையேறும். ஆப்பிளை எங்கே மெல்வது? வந்தவர்கள் கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்றார்கள். "நல்லாப் பாத்துக்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். காபி போட்டவளும் அம்மாதான்.

பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும் சொல்லில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டுக்குள் அப்படியில்லை. நான் சென்னையில் வேலை செய்கிறவன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய், ஞாயிறு இரவு திரும்புகிறவன். ஆகவே நானும் பார்க்க வருகிறவர்களில் ஒருவன்தான். ஹார்லிக்ஸ் மட்டும் வாங்கிப் போவதில்லை.

டிஸ்சார்ஜ் செய்த அன்று கையில் நான்கு பக்க ஆங்கிலக் காகிதம் கொடுத்தார்கள். மூத்திரப் பையை எப்படிக் காலி செய்வது என்று ஒரு நர்ஸ் அவசரமாகக் காட்டினார். அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே தூக்கினால் கழிவு திரும்பி ஏறித் தொற்று வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. அம்மா அதைத் தெரிந்துகொண்டது மூன்றாவது வாரம். அப்பா திடீரென்று ராத்திரியில் இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். "மூளை பிசகிடுச்சு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீர்த் தொற்று என்றார். வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல், வெறும் குழப்பமாகவே அது வெளிப்படலாமாம். மருந்து கொடுத்த நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார், அப்பா திரும்பி வந்தார்.

இப்படித்தான் அம்மா ஒவ்வொன்றாகக் கற்றாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். காற்று நிரப்பிய மெத்தை வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று நாங்கள் நினைத்தது தப்பு. மெத்தை உதவும், புரட்டுவதற்கு அது மாற்றில்லை. புரையேறுகிறவருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கேழ்வரகுக் கூழ் லேசாக இறங்குகிறது. தலையை நன்றாக உயர்த்தித்தான் ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்ததும் அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து அவர் இடுப்புக்குக் கீழே எப்போதும் விரித்திருப்பாள். ஆளைத் தூக்காமல் துணியை இழுத்தே நகர்த்தலாம். பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "முதுகுவலி சொல்லிக் குடுத்துச்சு" என்றாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிவிடுவது எளிது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு மனுஷி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் போயிருந்த இரவுகளில் "நீ தூங்கும்மா, நான் பாக்குறேன்" என்று சொல்லிப் படுப்பேன். இரண்டு மணிக்கு நான் எழுந்து பார்த்தால் அவள் ஏற்கெனவே புரட்டிக்கொண்டிருப்பாள்.

அரசாங்கம் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் வீட்டிலேயே. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும், ஆட்டோ பிடித்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போன காலத்தை நினைத்தால் இது பெரிய காரியம்.

அந்தத் தன்னார்வலர்தான் ஒருநாள் அம்மாவிடம், "நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்றார். அதற்கு முன் இரண்டு மாதம் அம்மா தட்டிக்கழித்திருக்கிறாள். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம். அன்று அளந்தால் 170-க்கு 100. இப்போது அலமாரியில் இரண்டு பேருக்கும் மாத்திரை டப்பா. ஆனால் தூக்கத்தை எந்தத் திட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பது?

ஆள் வைத்தும் பார்த்தோம். ஏஜென்சிக்காரர்கள் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிறவர்களில் நர்ஸிங் படித்தவர்கள் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணும் படித்தவளில்லை. ஆனால் கை பக்குவமான கை, அப்பாவே அவளைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டாள். அவளுடைய மாமியார் ஊரில் படுக்கையில். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மகள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பரீட்சை வந்துவிட்டது. என்ன சொல்லித் தடுக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கைவிட்ட பிள்ளைகள்மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம்; அநாதரவாக விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறை. தேவையான சட்டம்தான். அதில் ஒரு வேடிக்கை: பராமரிக்கக் கடமைப்பட்ட பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொல்கிறது, மருமகள் பெயர் கிடையாது. தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அவள் பெயர் மட்டும்தான் உண்டு. அவளையும் மருமகனையும் சேர்க்க 2019-இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. சேர்த்திருந்தாலும் கடமைதான் கூடியிருக்கும். பார்க்காதவரைத் தண்டிக்க வழி செய்த சட்டம், பார்த்துப் பார்த்துத் தேய்கிறவருக்கு என்ன உண்டு என்று யோசிக்கவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் யோசித்திருக்கிறார்கள். 'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம். படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். ஒரு வாரத்து மளிகைக்கும் காணாது. ஆனாலும் நோயாளியின் பெயரில் வராமல், பார்த்துக்கொள்கிறவருக்கான உதவியாக வருகிறது பாருங்கள், அது வேறு மாதிரி. ஜெர்மனி 1995-இலேயே பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. வீட்டிலேயே அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மகளுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவளுடைய ஓய்வூதியக் கணக்கில் அந்தக் காப்பீடே பணம் கட்டுகிறது. அவள் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்கும் பணம் தருகிறது. ஜப்பானில் 2000-இலிருந்து இதேபோலக் காப்பீடு. பெரியவரைச் சில நாள் இல்லத்தில் தங்கவைத்துவிட்டு வீட்டுக்காரர் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவர்கள் பணக்கார நாடுகள் என்பது சரி. ஆனால் கிழமாவதில் நாமும் பின்தங்கியில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் அறுபது வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 என்று தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. என் அப்பாயி படுக்கையில் கிடந்தபோது மகன்கள், மருமகள்கள், வந்துபோகிற மகள்கள் என்று ஏழு பேர் முறைவைத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அம்மா. அம்மாவுக்கு?

சென்னையில் இருக்கிறவர்களுக்கு கிண்டியில் 2024-இல் திறந்த 200 படுக்கை தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. மன்னார்குடியில் எங்களுக்கு வாய்த்தது எதிர்வீட்டு அக்கா. அவர் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தவர்களில் ஒருவரில்லை. மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "நாலுலேருந்து ஆறு வரைக்கும் நான் இங்க ஒக்காந்திருக்கேன். நீங்க எங்கயாவது போங்க" என்றார். நான் தொலைபேசியில் கேள்விப்பட்டேன். அம்மா கடைத்தெருவுக்குப் போய், எட்டு மாதமாகத் தையல்காரரிடம் கிடந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டாளாம். மனசு கேட்கவில்லையாம்.

எதிர்வீட்டு அக்கா கதவையே முழுதாகத் திறக்கவில்லை. "இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. எங்க வீட்டுச் சாவி இந்தாங்க, ஃபேனைப் போட்டுட்டுப் படுங்க. ரெண்டு மணிக்கு வலப்பக்கம் போட்டீங்க, இப்ப இடப்பக்கம், எனக்குத் தெரியும்."

அன்றைக்கு அம்மாவை எழுப்ப அவர் ஆறரைக்குத்தான் போனாராம். எழுந்திருக்காததால் ஏழு மணிக்கு மறுபடி போனாராம்.