புலப்படாத காயத்துக்கு நன்கொடை

ரயில்வே உத்தியோகஸ்தரான எப்.ஜி. நடேசய்யர் 1914-இல் ரசிக ரஞ்சன சபாவை ஸ்தாபித்த திருச்சிராப்பள்ளி, அரிச்சந்திரனுக்காகத் தாராளமாகக் கண்ணீர் வடித்த ஊர்தான், ஆயினும் மனக்காயத்தைப் பற்றிய நாடகத்துக்கு மலர் விளம்பரம் கேட்டுப் பெரியகடை வீதியில் படியேறினால், ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியபடியே, “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், தம்பி?” என்கிற வியாபாரிக்கு, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 ஊனங்களில் மனநோயும் ஒன்றென்று விளக்குவதற்குள் (அந்த விளக்கமே ஓர் அங்கம்!) அவர் வரவழைத்த காப்பி ஆறிவிடுகிறது. யுத்தத்தின் மனவடுக்களை ஈழத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகமாக யாழ்ப்பாணத்தில் மேடையேற்றிய வரலாறு அந்த வியாபாரியை அசைப்பதில்லை; அரைப்பக்க விளம்பரம் கால்பக்கமாகச் சுருங்குகிறது.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ, ஒன்றுமே கேளாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டிய மாமி ஒருவர், “ரசீதில் பேர் போடாதேப்பா, என் தம்பியும் இப்படித்தான்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.