ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கிடங்குகள்

நம் வீட்டுப் பிள்ளைகளில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் இன்று சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பைத்தான் மொழியைத்தான் படிக்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் கேட்கவே வேண்டாம். வீட்டில் ஓய்ந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸை ஏற்றிக் கொடுத்தால், அது மறுபடியும் நன்றாகவே ஓடுகிறது. காசு செலவும் இல்லை. நம் சங்கத்தில் பல குடும்பங்கள் இப்படிச் செய்திருப்பது மகிழ்ச்சிக்குரிய விஷயம்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். யாரோ சொன்னபடி 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்ததும், திரையில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று ஒரு செய்தி வருகிறது. 'இந்த இடத்தை நிர்வகிப்பவர் வேறொருவர், நீ கை வைக்காதே' என்பது அதன் பொருள். மெஷின் கெட்டுவிட்டதோ என்று பயந்து என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

நான் டிப்ளமா படித்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லினக்ஸ் பழகியது அதற்குப் பிறகுதான். ஆயினும் இந்த விஷயம் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. காரணம், இது முழுக்க முழுக்க ஸ்டோர்ஸ் விவகாரம்.

இரண்டு லெட்ஜர்கள்

டெபியன் என்பது 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு. உபுண்டு அதன் வழி வந்தது. இவற்றில் ஒவ்வொரு மென்பொருளும் 'பேக்கேஜ்' என்ற கட்டாக, 'ஆப்ட்' என்ற கட்டளை மூலம் வந்து சேரும். எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம், அது எந்தப் பதிப்பு என்பதெல்லாம் ஒரு லெட்ஜரில் பதிவாகும். ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்த பிறகே பேக்கேஜ்கள் நம் கைக்கு வருகின்றன.

பைத்தான்காரர்களுக்கோ தனிக் கிடங்கு உண்டு. அதன் பெயர் 'பைபிஐ'. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அதில் சரக்கு வைக்கலாம். அங்கிருந்து எடுத்து வருவதுதான் 'பிப்'. பிப்பும் தான் வைத்ததைப் பதிவு செய்கிறது. ஆனால் அது அதனுடைய சொந்த லெட்ஜர். பிப் வைத்த சரக்கு ஆப்டின் பதிவில் ஏறாது.

ஒரே ஸ்டோர் ரூமுக்கு இரண்டு ஸ்டோர்கீப்பர்கள், இரண்டு லெட்ஜர்கள் என்றால் என்ன ஆகும்? அதேதான் இங்கும் ஆகிறது.

கோளாறு எங்கே வருகிறது?

லினக்ஸின் நிர்வாகக் கருவிகளில் பலவும் பைத்தானிலேயே எழுதப்பட்டவை. உபுண்டுவில் புதுப்பிப்புகளைக் காட்டும் ஜன்னல் அப்படிப்பட்டது. நம் பையன் பாடத்துக்கு ஓட்டும் அதே பைத்தானைத்தான் இவையும் நம்பி இருக்கின்றன. 'சூடோ' போட்டு பிப்பை ஓட்டினால், பேக்கேஜ் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற பகுதியில் போய் உட்காரும். பைத்தானோ, டெபியன் தந்த பேக்கேஜ்கள் உள்ள இடத்துக்கு முன்பாக இந்த இடத்தைத்தான் தேடிப் பார்க்கும். ஆகவே பிப் வைத்த புதிய பதிப்பு, டெபியன் சோதித்து வைத்த பதிப்பை மறைத்துவிடும். பழைய பதிப்பை எதிர்பார்த்த கருவி தடுக்கி விழும்.

சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் கல்லூரியில் கடைசி வருடம். அவன் மெஷினில் இருந்தது இந்தத் தடை வருவதற்கு முந்தைய உபுண்டு. யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பேக்கேஜை சூடோ பிப்பால் புதுப்பித்தான். அவன் எழுதிய புரோகிராம் ஓடியது. ஆனால் புதுப்பிப்பு ஜன்னல் அதன்பின் திறக்கவே இல்லை. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்று' என்று நண்பர்கள் சொன்னார்கள். புராஜெக்ட் கொடுக்க நான்கு நாள் இருந்தது. ஒரு வருட உழைப்பு அதே டிஸ்க்கில், வேறு பிரதி இல்லை. அழித்திருந்தால் பட்டமே தள்ளிப் போயிருக்கும். முதலில் புராஜெக்டை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். பிறகு அந்த ஒரு பேக்கேஜை மட்டும் பிப்பாலேயே நீக்கினோம். மறைந்திருந்த டெபியன் பதிப்பு வெளியே தெரிந்தது, ஜன்னலும் திறந்தது. வேலை பத்து நிமிஷம்தான்.

சிவப்பு விளக்கு

இத்தகைய விபத்துகளைத் தடுக்கவே 'பெப் 668' என்ற விதி 2021-ல் முன்மொழியப்பட்டது. இதன்படி லினக்ஸ் தொகுப்பாளர் பைத்தான் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஃபைலை வைத்துவிடுவார். பிப் அதைக் கண்டால் நின்றுவிடும். 2023 ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04, அதே ஆண்டு ஜூனில் வந்த டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து இந்தத் தடை இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் பார்ப்பது பழுது அல்ல, சிக்னல்.

தடையைத் தாண்டவும் ஒரு சொல் உண்டு: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. 'சிஸ்டத்தின் பேக்கேஜ்களை உடை' என்று பச்சையாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். இருந்தும் அதைச் சேர்த்து அடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் நிறைய. சிவப்பு சிக்னலைத் தாண்டிய வண்டிகள் பல முறை பத்திரமாகவும் போயிருக்கலாம். அதற்காக அதை ரயில்வேயில் யாரும் பழக்கமாக்கிக் கொள்வதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பைபிஐயில் பிரபலமான பெயரில் ஓரெழுத்தை மாற்றி, விஷமச் சரக்கு வைத்தவர்கள் உண்டு. சில பேக்கேஜ்கள் ஏறும்போதே தம் சொந்தப் புரோகிராமை ஓட்டும். சூடோ போட்டால் முன்பின் தெரியாதவர் கையில் வீட்டுச் சாவியையே கொடுத்தது போல ஆகும்.

சரியான வழிகள் மூன்று

முதலாவது, ஆப்டிலேயே தேடுவது. நம்பை, மேட்பிளாட்லிப், பாண்டாஸ் போன்றவை எல்லாம் 'பைத்தான்3' என்ற முன்பெயரோடு அங்கேயே கிடைக்கும். பள்ளிப் பாடத்துக்கு இதுவே போதும்.

இரண்டாவது, 'வென்வ்'. இது 2012-ல் வந்த பைத்தான் 3.3 முதல் உள்ள வசதி. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் தனிக் கிடங்கு. அங்கே பிப் தாராளமாக வேலை செய்யலாம், சூடோ வேண்டாம். கெட்டுப் போனால் அந்த ஃபோல்டரை நீக்கினால் போதும். டெபியனிலும் உபுண்டுவிலும் 'பைத்தான்3 வென்வ்' என்ற பேக்கேஜைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, 'பிப்எக்ஸ்'. முழுக் கருவியாகவே பயன்படும் பைத்தான் மென்பொருளுக்கு இது தானே ஒரு தனிக் கிடங்கு அமைத்துக் கொடுக்கும்.

சொந்தமாகப் பேக்கேஜ் கட்ட விரும்பினால்

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய புத்தகங்களில் 'செட்அப் பை இன்ஸ்டால்' என்று இருக்கும். அதற்கு அடித்தளமாக இருந்த 'டிஸ்ட்யுடில்ஸ்', 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-லிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இப்போது 'பைபுராஜெக்ட் டாமல்' என்ற ஃபைலில் பேக்கேஜின் பெயர், பதிப்பு, தேவைகள் எல்லாம் எழுதி, 'பில்டு' கருவியை ஓட்டினால் 'வீல்' என்ற கட்டு கிடைக்கும். அது ஒரு ஜிப் ஃபைல்தான்.

லினக்ஸ் தொகுப்புக்காகக் கட்டுபவர்கள் வீலை நேரே கம்ப்யூட்டரில் ஏற்றமாட்டார்கள். ஒரு காலி ஃபோல்டருக்குள் விரித்து, அதிலிருந்து ஆப்டுக்குரிய பேக்கேஜைத் தயாரிப்பார்கள். கட்டும் நேரத்தில் இன்டர்நெட்டைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி. தேவையான அனைத்தும் டெபியன் கிடங்கிலிருந்தே வரவேண்டும். வண்டியை ஓவர்ஹாலுக்கு எடுத்தபின் வழியில் கண்ட கடையில் போல்ட் வாங்கிப் பூட்டக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்: நாளைக்கு இன்னொருவர் அதே வேலையை அதே பொருளைக் கொண்டு செய்து பார்க்க முடியவேண்டும்.

வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு வென்வ் பழக ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஒரு வென்வ் அமைத்து, அதற்குள் 'ஓபன் தமிழ்' என்ற பேக்கேஜை ஏற்றி, அதைக் கொண்டு எழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள். மூன்று என்று சரியாக வரும். தமிழ் எழுத்தும் கொஞ்சம் படித்தது போல ஆயிற்று.

ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் சங்க நூலக அறையில் இருப்பேன். மெஷினைக் கொண்டு வருபவர்கள், பிள்ளையின் பாட ஃபைல்களை முதலில் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.